பொடி வைக்காத பெண்கள்

"புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று நூற்றுக்கு மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்களிடம் கேட்டுவிட்டாள் கார்குழலி. ஒருத்திகூட உண்டு என்று சொல்லவில்லை. சேதராப்பட்டில் ஒரு பெண் மட்டும், "என்னப் பாத்தா பீடி குடிக்கிறவளாட்டமா தெரியுது?" என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கிற விஷயமாக அது அவளுக்குப் படவில்லை. ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன் பிரசவ வார்டில் நர்சாக இருந்தவள் அவள். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்த கைகள் அவளுடையவை. ஏன் இப்படி எடை குறைந்து பிறக்கின்றன என்று கேட்டால், ரத்தம் கம்மி, சாப்பாடு சரியில்லை என்று வார்டில் பதில் வரும். அது பாதிப் பதில் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மீதிப் பாதியைத் தேடித்தான் மறுபடி படிக்கப் போனாள்.

அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் காவல் இருந்தார். அண்ணன் சிலம்பரசன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு மின்சாமான் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். கார்குழலி நர்சிங் முடித்தாள், பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு முடித்தாள், உழவர்கரையில் ஒரு தனியார் ஆய்வு மையத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தாள். மையத்தின் இயக்குநர் டாக்டர் இளஞ்செழியனை வழிகாட்டியாகக் கொண்டு முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொண்டாள். கர்ப்பிணிகளின் புகையிலை, மதுப் பழக்கமும் பிறக்கும் குழந்தையின் நலமும் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். தங்கை டாக்டராகப் போகிறாள், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று தெருவில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் அண்ணன் விளக்கம் சொல்லிவைத்திருந்தான்.

கேள்வியில் என்ன கோளாறு என்பது கொளஞ்சி வீட்டில்தான் அவளுக்கு விளங்கியது. கொளஞ்சிக்கு இருபத்து மூன்று வயது. மூத்தது பெண் குழந்தை. இப்போது வயிற்றில் நான்கு மாதம். தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஷிப்டு முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். அவளும் எல்லோரையும் போல, "அதெல்லாம் இல்லக்கா" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவர எழுந்தவள், மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். ஆள்காட்டி விரலால் தொட்டு, கீழ் ஈறில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேய்த்துக்கொண்டாள்.

"அது இன்னா கொளஞ்சி?"

"பொடிக்கா. மூக்குப்பொடி."

"பழக்கம் இல்லன்னு இப்பதான சொன்ன?"

"இது பழக்கமா?" கொளஞ்சிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பழக்கம்னா ஆம்பளைங்க பண்றது. பீடி, சிகரெட்டு, பாக்கு. இது பல்லுக்கு. மசக்கையில வாயெல்லாம் எச்சி ஊறுதில்ல, இத வெச்சா நின்னுபூடும். நைட்டு ஷிப்டுல தூக்கமும் வராது, பசியும் தெரியாது. எங்க மாமியாகூட வெப்பாங்க. அத்தே, இங்க வா! அக்கா உன்ன கேக்குது பாரு!"

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாமியார் ஆயம்மாவின் ஈறும் பழுப்பாக இருந்தது. "இன்னாத்துக்குடி கூவுற? பொடி வோணுமா அதுக்கு? குடு, குடு. படிச்ச புள்ளைங்களுக்கும் பல்லு நோவும்ல" என்றாள்.

அன்று வீடு திரும்பிய கார்குழலி சமையலறை வாசலில் நின்று அம்மாவையே பார்த்தாள். அம்மா ஆதிலட்சுமியின் பொடி டப்பா குழாயடி மாடத்தில் சோப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து அதை அங்கேதான் பார்த்துவருகிறாள். பள்ளிக்கூட நாளில் கடைக்கு ஓடிப்போய் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். புகையிலைப் பழக்கம் உண்டா என்ற கேள்வியைத் தன் கையால் எழுதியபோது இந்த டப்பா அவள் நினைவுக்கே வரவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் எதை மறந்து இல்லை என்றார்களோ, அதையே மறந்துதான் அவளும் கேட்டிருக்கிறாள்.

"இன்னாடி அப்பிடிப் பாக்குற?"

"என்ன வயித்துல வெச்சிருக்கும்போதும் பொடி வெச்சியாம்மா?"

"வெக்காம? நீ இன்னா கொறஞ்சா போயிட்ட? எல்லாரையும் கேள்வி கேட்டுனு திரியிற."

கேள்வியை மாற்றினாள். கேட்கிற விதத்தையும் மாற்றினாள். காகிதமும் பேனாவும் கையில் இருந்தால் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சரியான பதிலைத் தேடுகிறார்கள் என்று கண்டுகொண்டாள். வெறுங்கையோடு போய், அவர்களோடு கீரை ஆய்ந்தாள், பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். முதலில் பல் பற்றிப் பேச்சு. எந்தப் பல் வலிக்கிறது, என்ன வைப்பீர்கள், வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும். பிறகு மசக்கை. வீட்டுக்காரர் குடிப்பாரா, உடம்பு வலிக்கு நீங்களும் ஒரு மூடி குடித்ததுண்டா. எழுதிக்கொள்வதெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான். ஒருத்தியும் இல்லாமல் இருந்த ஊரில், பத்துக்கு மூன்று பேர் பொடி வைப்பவர்களாக வந்தார்கள்.

ஒவ்வொருத்தியிடமும் அவள் ஒரே வாக்குக் கொடுத்தாள். "நீ சொல்றது என்னோட நிக்கும். உன் வூட்டுக்குப் போவாது, ஆஸ்பத்திரிக்குப் போவாது, பக்கத்து வூட்டுக்கும் போவாது." அந்த வாக்கை நம்பித்தான் சொன்னார்கள். பொடி என்பது வெறும் புகையிலைத் தூள்தான், ஈறு வழியாக ரத்தத்தில் இறங்கிப் பிள்ளை வரைக்கும் போகும் என்று அவள் சொன்னதையும் அதே நம்பிக்கையில்தான் கேட்டுக்கொண்டார்கள்.

கொளஞ்சி விட்டாள். லேசில் விடவில்லை. தலைவலி என்றாள், எரிச்சல் என்றாள், ஒரு தடவை மறுபடி வைத்துவிட்டு அழுதாள். வாயூறலுக்குக் கார்குழலி கிராம்பும் காய்ந்த நெல்லிக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உன் கிராம்பு எங்க மாமியா வாயாட்டம் சுருக்குங்குதுக்கா" என்று முகத்தைச் சுளித்தாள் கொளஞ்சி. ஆனால் ஆறாம் மாதம் முடிவதற்குள் பொட்டலம் மடியிலிருந்து போய்விட்டது. விட்டதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. வைத்ததே மருந்து மாதிரி என்று இருந்த வீட்டில், விட்டதைச் சொல்ல என்ன இருக்கிறது?

மையத்தில் சமுதாய வளைகாப்பு நடத்தலாம் என்று யோசனை சொன்னவள் கார்குழலிதான். வளைகாப்புக்கென்றால் மாமியார்களே மருமகள்களைக் கூட்டிவருவார்கள், எடையும் ரத்தமும் அங்கேயே பார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. டாக்டர் இளஞ்செழியனுக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மண்டபம் பிடித்தார், ஐந்து வகைச் சாதத்துக்குச் சொன்னார், திட்டத்துக்கு நிதி கொடுக்கிற அமைப்பிலிருந்து ஆட்களை வரவழைத்தார்.

அன்று காலை மண்டபத்துக்குப் போன கார்குழலி, மேடையில் இரண்டு தாம்பாளம் இருப்பதைப் பார்த்தாள். ஒன்றில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். இன்னொன்றில் மஞ்சள் வளையல் மட்டும்.

"மஞ்சள் யாருக்கு சார்?"

"பொடியை விட்டவங்களுக்கு. தனியா மேடைக்குக் கூப்பிட்டுப் போடுறோம். உன் உழைப்புக்கு மரியாதை கார்குழலி, இது" என்றார் இளஞ்செழியன்.

"சார், விட்டவளுக்கு மஞ்சள்னா, வெச்சிருந்தவளுக்கும் மஞ்சள்தானே? மாமியார் எல்லாரும் கீழ உக்காந்திருக்காங்க. பேர் வெளிய போகாதுன்னு நான் சொல்லியிருக்கேன்."

"அவமானம்னு ஏன் நினைக்கிற? இது கவுரவம். பணம் கொடுக்கிறவங்களுக்கு முகம் காட்டணும்மா. நீ கொடுத்த எண்ணிக்கையை மட்டும் வெச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் ஓட்டுறது?"

"நான் பேர் படிக்க மாட்டேன் சார்."

"நீ படிக்க வேண்டாம். மையத்துல இருக்கிற உன் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரெல்லாம் எழுதியாச்சு. ஹேமலதா படிப்பா."

ஹேமலதா மையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அவள் கார்குழலியை நிமிர்ந்து பார்க்காமல் ஒலிபெருக்கிப் பக்கம் போனாள்.

கார்குழலி கூட்டத்துக்குள் இறங்கிக் கொளஞ்சியைத் தேடினாள். நடுவரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள் அவள். "கொளஞ்சி, வா, போலாம்" என்று காதோடு சொன்னாள்.

"எங்க? சும்மா இருக்கா. மொதப் புள்ளைக்கு எங்க தாய்வூட்ல வளகாப்பு செய்ய முடியல. இதான் எனுக்கு மொத வளகாப்பு" என்று சிரித்தாள் கொளஞ்சி.

ஒலிபெருக்கியில் அவள் பேர் வந்தது. பேர் வந்ததும் அவள் எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறிவிட்டாள். ஏறி நின்ற பிறகுதான் ஹேமலதா அடுத்த வரியைப் படித்தாள்: "மூக்குப்பொடிப் பழக்கத்தை விட்டொழித்த வீரத் தாய்மார்கள்." கை தட்டினார்கள். படம் பிடித்தார்கள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல் கொளஞ்சி கீழே ஆயம்மாவைப் பார்த்தாள். ஆயம்மா பக்கத்துப் பெண்கள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அந்த வாரத்தோடு போயிருக்கும். ஆனால் போகவில்லை. எட்டாம் மாதத்தில் கொளஞ்சிக்கு ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சு விட்டது, அப்புறம் விடவில்லை. ரத்த அழுத்தம்தான் காரணம், ரத்தமும் குறைவு, அந்த நிலையில் நின்றபடி வேலை செய்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அதை யார் காதில் வாங்கினார்கள்? காரணம் அவர்களுக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. மேடையேற்றி, மைக்கில் சொல்லி, கையிலும் போட்டு அனுப்பிய காரணம்.

கார்குழலி போனபோது ஆயம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"யம்மா, அவ ஆறாம் மாசமே நிறுத்திட்டாம்மா. நான் சாட்சி. புள்ள போனதுக்கு அது காரணம் இல்ல. பிரஷர்தான். பெரியாஸ்பத்திரில கேளுங்க, சொல்லுவாங்க."

"நீதானம்மா சொன்ன, பொடி புள்ளை வரைக்கும் போவும்னு? நீங்கதான மஞ்ச வளயல் போட்டு அனுப்சீங்க? இப்ப இல்லன்னா?"

"நீங்களும்தான வெக்கிறீங்க?"

"நான் இன்னா புள்ளத்தாச்சியா? எம் பேரனைத் தின்னுபுட்டு உக்காந்திருக்கா. அவங்க ஆத்தா வூட்டுக்குப் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

வாசலில் நின்ற கொளஞ்சியின் புருஷன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் முந்தின நாள் குடித்த வாடை வெளியே வந்திருக்கும். உள்ளே சுவரோரம் படுத்திருந்த கொளஞ்சி கார்குழலியின் குரலைக் கேட்டுத் திரும்பினாள்.

"போக்கா. நீ பேசப் பேச எனுக்குதான் இன்னும் ஏச்சு வுழுது" என்றாள்.

அதற்கு மேல் கார்குழலி அங்கே நிற்கவில்லை. மறுவாரம் கொளஞ்சியையும் மூத்த பெண்ணையும் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். திரும்ப அழைக்க யாரும் போகவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதி, ஆய்வில் வரம்பு மீறல் உண்டா என்று பார்க்கிற குழுவுக்குக் கார்குழலி அனுப்பினாள். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. குழுவின் தலைவர் வளைகாப்பன்று மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர்.

ஆராய்ச்சியின் இரண்டாவது சுற்று தொடங்கியது. விழிப்புணர்வுக்குப் பிறகு எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய சுற்று. பழையபடி வெறுங்கையோடு போனாள். பெண்கள் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், கீரைக் கட்டை மட்டும் உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

"பல்லு வலிச்சா இன்னா வெப்பீங்க?"

"உப்புத் தண்ணி."

"வாயூறுனா?"

"துப்பிடுவோம்."

எல்லா வீட்டிலும் உப்புத் தண்ணி. பேசி வைத்துக்கொண்டது போல, ஆனால் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர்முனை பெட்டிக்கடைக்காரரிடம் பொடி வியாபாரம் எப்படி என்று விசாரித்தாள். "சரக்கு அதே சரக்குதான் போவுது. பொம்பளைங்க கடைக்கு வர்றதில்ல. ஆம்பளைங்க மூக்குக்குன்னு வாங்கினு போறாங்க. இத்தினி மூக்கு இந்த ஊர்ல எங்க இருக்குன்னுதான் தெரியல" என்று சிரித்தார் அவர்.

அம்மாவும் அவள் இருக்கும்போது பல்லைத் தொடுவதை விட்டுவிட்டிருந்தாள்.

எச்சில் சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். பொடி வைத்தவளின் எச்சிலில் அதன் தடயம் சில நாள் நிற்கும். இரண்டாம் சுற்றுக்கு அந்தச் சோதனை திட்டத்திலேயே இருந்தது. கார்குழலி நினைவுபடுத்தியபோது இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கும்மா? அவங்களே இல்லன்னு சொல்றாங்க. பத்துக்கு மூணு இருந்தது, இப்போ நூத்துக்கு ஒண்ணு. இதைவிட நல்ல முடிவு என்ன வேணும்?"

"சார், அவங்க பொடியை விடல. சொல்றதைத்தான் விட்டுட்டாங்க."

"நிரூபிக்க முடியுமா உன்னால?"

"சோதனை பண்ணா முடியும்."

"பண்ணப்போறதில்ல." குரல் உயரவேயில்லை. "அறிக்கையில முதல் பேர் உன்னோடதுதான். கையெழுத்துப் போடு. ஆறு மாசத்துல பட்டம் வந்துடும். உங்க அண்ணன் எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கார்னு எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் இன்னும் கொஞ்சம் தடுமாறியிருப்பாள். "கூட்டத்துக்கு அப்புறம் பாக்கலாம் சார்" என்று கையெழுத்துப் போடாமல் எழுந்துகொண்டாள்.

நிதி கொடுத்தவர்கள் முன்னால் முடிவைச் சொல்கிற கூட்டம் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் நடந்தது. சொல்ல வேண்டியவள் கார்குழலிதான். அவள் எழுந்து, மையத்தில் தயாரித்துக் கொடுத்த படங்களைத் திரையில் போடாமல், நடந்ததைத் தமிழில் நேராகச் சொன்னாள். இந்த முடிவு பொய் என்றாள். மஞ்சள் வளையலுக்குப் பிறகு ஒரு பெண்கூட உண்மை சொல்லவில்லை, சொன்னவர்களில் ஒருத்திக்கு வீடு போயிற்று என்றாள். பேரைச் சொல்லவில்லை. அங்கேயும் வாக்கைக் காப்பாற்றினாள்.

இளஞ்செழியன் எழுந்து, களப்பணியாளர்கள் அந்தப் பெண்களோடு எவ்வளவு மனம் ஒன்றிப் போகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று என்றார். கை தட்டினார்கள். வந்திருந்த அம்மாள் ஒருவர் நெகிழ்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அந்த வளையலில் எங்கள் அமைப்பின் சின்னத்தையும் பொறிக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த ஆண்டு பாகூர், திருக்கனூர் பக்கத்துக் கிராமங்கள் அத்தனைக்கும் மஞ்சள் வளையல் போவது அந்த மேசையிலேயே முடிவானது.

கார்குழலி வேலையை விட்டாள். வழிகாட்டி போனதால் பட்டமும் போயிற்று. அண்ணன் செய்தியைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சரி, வுடு. சாப்ட்டியா?" என்றான். தெருவில் யாராவது கேட்டால், "அதுவாதான் வேணாம்னு வந்துட்டுது" என்று மட்டும் சொன்னான்.

இப்போது உழவர்கரையில் ஒரு சின்ன மகப்பேறு மருத்துவமனையில் நர்சு வேலை. கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாகூர் பக்கம் போகிறாள். மையத்தின் வண்டி எந்தக் கிராமத்துக்கு எப்போது வருகிறது என்று ஹேமலதாதான் தொலைபேசியில் சொல்கிறாள். அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

அங்கே கர்ப்பிணிகளைப் பார்த்தால் கேள்வி எதுவும் கேட்பதில்லை. பொடி பிள்ளைக்கு ஆகாது, அது புகையிலைதான் என்கிறாள். விடுகிற வழியைச் சொல்கிறாள். கடைசியாக, "வளகாப்பு வெச்சிக் கூப்டுவாங்க. சாதம் சாப்டுங்க, ரத்தம் பாத்துக்குங்க. பொடி வெக்கிறியான்னு கேட்டா, இல்லன்னு சொல்லிடுங்க. விட்டியான்னு கேட்டாலும் வெச்சதே இல்லன்னு சொல்லிடுங்க" என்கிறாள்.

போன வாரம் களத்துமேட்டில் ஒரு பெண் கேட்டாள்: "உங்ககிட்ட சொல்லலாமாக்கா?"

"என்கிட்டயும் சொல்லாத."

"அப்ப நான் வுட்டேனா இல்லியான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் கார்குழலி. கிராம்புப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு வழி கேட்டாள்.